பாண்டி கடலுக்கு இன்னும் எத்தனை லோடு கல்?

கதிர்காமத்திலிருந்து ஞாயிறு மாலை பைக்கில் பீச்சுக்குப் போகிறோம். தலைமைச் செயலகம் எதிரே கால் நனைக்கிற அந்த மணல், பத்து வருஷத்துக்கு முன்னாடி கிடையாது. வெறும் கருங்கல்தான்.

1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. நகரைக் காக்கக் கல் கொட்டினோம். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம்னு மீனவர் வாசலுக்கு நகர்ந்தது. அங்கேயும் கல். படகை எங்கே ஏற்றுவதாம்?

தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் இறக்கிய ஆப்பு வடிவ இரும்புத் திட்டு, அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்கவைத்தது. ஆனா இரும்பு வளராது. சிப்பித் திட்டு வளரும்: பழைய ஓட்டின் மேல் புதுக் குஞ்சு ஒட்டும், தண்ணீரையும் வடிகட்டும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சிப்பி ஒட்டி வளரவே தோதாகத் தடுப்புத் திட்டுகள் கட்டியிருக்கிறார்கள்.

நம் திறந்த கடலின் அலைக்குச் சிப்பி மட்டும் தாங்காது. அலை குறைந்த அரியாங்குப்பம் கழிமுகம் வேற. அலையாத்தி மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. அடுத்த தூண்டில் வளைவுக்கு டெண்டர் விடும் முன், அங்கே ஒரு சோதனைத் திட்டு போடட்டும். அதற்கு முதலில் கழிமுகத்தில் கலக்கிற சாக்கடையை நிறுத்தணும்.