எய்தவன் இருக்க அம்பை நோவதா?

1-1-2019 முதல் தமிழகத்தில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை அமலில் உள்ளது. தடையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கிருதுமால் நதி குப்பையால் அடைபட்டுக் கிடப்பதையும், வெள்ளக்கல்லில் குப்பை குவிந்து கிடப்பதையும் மதுரைக்காரர்களாகிய நாம் கண்ணால் பார்க்கிறோம். ஊர் கெட்டால் வியாபாரமும் கெடும். ஆனால் இதில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆலையில் தயாராகும் பை ஏஜெண்டு, மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று நான்கு கை மாறி வாடிக்கையாளரிடம் போகிறது. சோதனை வரும்போது அகப்படுபவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சில்லறை வியாபாரிதான். அவரிடம் அரை கிலோ பை இருந்தால் அபராதம். லாரியில் மூட்டை மூட்டையாக அனுப்பியவரின் பெயர் அந்த ரசீதில் இருப்பதில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2016-ம் ஆண்டு மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளர் ஆகியோரையே கழிவைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பில் நிறுத்துகின்றன. 2022 பிப்ரவரியில் அதற்கு ஆண்டுவாரி இலக்கும் வகுத்தார்கள். நாம் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கும் ஷாம்பு, மசாலா பாக்கெட்டுகளின் உறைக்கும் இது பொருந்தும். நம் தெருவில் அந்த உறையைத் திரும்ப எடுக்க எந்தக் கம்பெனி ஆள் வந்தார்? விளம்பரத்தில் பசுமை பேசுவோர் அந்தக் கணக்கை ஊருக்குச் சொல்ல வேண்டாமா?

நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். வெளிமாநிலச் சரக்குக்காரர்கள், "இது 120 மைக்ரான், மத்திய அரசு அனுமதித்தது" என்று தள்ளிவிடுகிறார்கள். தமிழகத்தில் எந்தத் தடிமன் பிளாஸ்டிக் கைப்பையும் கூடாது. துணி போலத் தோன்றும் நான்-ஓவன் பையும் தடைப் பட்டியலில் உள்ளது. "மக்கும் பை" என்றால் அதற்குரிய சான்று எண் பையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பில் கேளுங்கள். பில் இல்லாத பை சில காசு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் சோதனையின்போது, "இன்னாரிடம் வாங்கினேன்" என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லையென்றால் முழுப் பழியும் நம்மோடு நின்றுவிடும். மொத்த வியாபாரிகளாகிய நாமும் பில் போடாமல் சரக்கைக் கொடுத்துவிட்டு, சில்லறைக்காரர் மாட்டிக்கொள்ளும்போது ஒதுங்கிப் போவது நாணயம் அல்ல.

2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. பை கொண்டு வாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு கடை மட்டும் சொன்னால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். காளவாசல் கடைகள் அனைத்தும் ஒரே நாளில் போர்டு வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

சங்கம் மாநகராட்சியிடம் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றுதான். கடையில் பையைப் பிடித்தால் பில்லைக் கேளுங்கள். அந்த பில்லைப் பிடித்துக்கொண்டு ஆலை வரை போங்கள். நம் பங்குக்கு நாம் பதில் சொல்லத் தயார். அவரவர் பங்குக்கு அவரவர் பதில் சொல்லட்டும்.