அப்டேட் போட்டதும் பேட்டரி இறங்குதா? புது போனுக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



பெரிய சாஃப்ட்வேர் அப்டேட் ஒண்ணு போட்டீங்க. நேத்து வரைக்கும் ராத்திரி பத்து மணி வரை நின்ன சார்ஜ், இன்னைக்கு மதியம் மூணு மணிக்கே 20 சதவீதம். "சரி, போன் போச்சு"ன்னு முடிவு பண்ணி ஷாப்பிங் ஆப்பைத் திறக்கறீங்க. அங்க "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு ஒரு பட்டன் தயாரா நிக்குது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்தப் பட்டனை 15 நாளைக்குத் தொடாதீங்க. பெரும்பாலான நேரத்துல உங்களுக்குத் தேவை புது போன் இல்லை, புது பேட்டரி. சில நேரத்துல அதுகூடத் தேவைப்படாது.

மரக்காணத்துல இது ஏன் பெரிய விஷயம்?

ஈசிஆர்ல சென்னையில இருந்து புதுச்சேரி போற வழியில மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. கோடையில உப்பு வாருற வேலை முழு வேகத்துல நடக்கும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா பாத்தி எல்லாம் தண்ணி. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பல குடும்பத்துக்கு அந்த வருமானம் நின்னுடும். அந்த மூணு மாசமும் வீடு ஓடறது, சென்னையிலயோ புதுச்சேரியிலயோ ஒரகடத்துலயோ மாசச் சம்பளம் வாங்குற பிள்ளையோட பணத்துலதான்.

இப்போ காலண்டரைப் பாருங்க. ஐபோனுக்குப் பெரிய அப்டேட் வழக்கமா செப்டம்பர்ல வருது. தீபாவளி ஆஃபர் சேல் செப்டம்பர், அக்டோபர்ல. உப்பள வருமானம் நிக்கிறது அக்டோபர்ல. பேட்டரி கடுப்பு, ஆஃபர் ஆசை, வீட்டுக்குப் பணம் தேவைப்படுற நேரம், மூணும் ஒண்ணா வந்து விழுது. அந்த மாசத்துல 12 மாச இஎம்ஐ ஒண்ணை ஏத்திக்கிட்டா, அம்மாவுக்கு அனுப்புற தொகையிலதான் கை வைக்க வேண்டி வரும்.

இன்னொண்ணும் இருக்கு. நீங்க புது போன் வாங்கினா பழசு எங்க போகும்? ஊர்ல அம்மா கைக்கு. மகளிர் உரிமைத் தொகை வந்த மெசேஜ், பேங்க் ஓடிபி எல்லாம் அதுலதான் வரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ இந்தக் கரை முழுக்க கரண்ட் இல்லாம தவிச்சது. அப்படிப்பட்ட நேரத்துல மூணு மணி நேரம்கூட நிக்காத போனை அம்மா கையில குடுத்துட்டு, நாம இஎம்ஐ கட்டிட்டு இருக்கறது என்ன கணக்கு?

அப்டேட்டுக்கு அப்புறம் சார்ஜ் ஏன் இறங்குது?

பெரிய அப்டேட் முடிஞ்சதும் போன் உள்ள நிறைய வேலை நடக்கும். போட்டோ எல்லாத்தையும் மறுபடி வகைப்படுத்தும், தேடலுக்கான பட்டியலைப் புதுசா போடும், ஆப்களைப் புது சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தும். இது சில நாள்ல தானா அடங்கிடும். அதனாலதான் 15 நாள் பொறுங்கன்னு சொல்றேன்.

இரண்டாவது, ஏற்கெனவே தேஞ்சுபோன பேட்டரி. லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது. 35 டிகிரிக்கு மேல சூடான இடத்துல ஐபோனைப் பயன்படுத்த வேண்டாம்னு ஆப்பிளே சொல்லுது. மரக்காணத்துல மே மாசம் நிழல்லயே அதைத் தாண்டிடும். சிக்னல் வீக்கான இடத்துல டவரைப் பிடிக்கவே போன் அதிக சக்தி செலவழிக்கும். பேட்டரி முன்னாடியே பலவீனமா இருந்திருக்கும். அப்டேட் அதை வெளிய காட்டியிருக்கும், அவ்வளவுதான்.

மூணாவது காரணம்தான் முக்கியம். சில நேரம் கம்பெனியே அப்டேட் வழியா போனோட வேகத்தையோ பேட்டரி கொள்ளளவையோ குறைக்குது. இது வதந்தி இல்லை, நடந்த கதை.

நடந்த கதைகள்

2017 டிசம்பர்ல ஆப்பிள் ஒத்துக்கிச்சு: பேட்டரி பழசான ஐபோன்கள் திடீர்னு அணைஞ்சு போகாம இருக்க, அப்டேட் வழியா அதோட வேகத்தைக் குறைச்சோம்னு. காரணம் நியாயமாவே இருக்கலாம். ஆனா வாங்கினவங்ககிட்ட தெளிவா சொல்லலை. எதிர்ப்பு கிளம்பினதும் மன்னிப்பு கேட்டு, பேட்டரி மாத்துற விலையை இறக்கினாங்க. அமெரிக்காவுல 79 டாலர்ல இருந்து 29 டாலர். இந்தியாவுல 6,500 ரூபாய்ல இருந்து வரி தனியா 2,000 ரூபாய்.

அடுத்து நடந்ததுதான் ஒரு ஆடிட்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 2019 ஜனவரி 2-ஆம் தேதி ஆப்பிள் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் புது ஐபோனுக்கு மாறலை, அதுக்குப் பல காரணங்கள்ல ஒண்ணு, குறைஞ்ச விலையில பேட்டரி மாத்திக்கிட்டதுன்னு அதுல இருந்தது. அதாவது புது பேட்டரி போட்டவங்களுக்குப் புது போன் தேவைப்படலை. இதை நான் சொல்லலை, விக்கிறவங்களே எழுத்துல குடுத்திருக்காங்க.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2025 ஜனவரியில கூகுள் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு கட்டாய அப்டேட் வந்தது. பாதிக்கப்பட்ட போன்கள்ல பேட்டரி கொள்ளளவே குறைஞ்சது. அந்த போன் 2020-ல இந்தியாவுல வந்தப்போ விலை 31,999 ரூபாய். 2025 ஜூலையில பிக்சல் 6ஏ-வுக்கும் அதே மாதிரி அப்டேட். 400 சார்ஜ் சுழற்சி தாண்டினா, சூடாகிற ஆபத்தைக் குறைக்க பேட்டரி கொள்ளளவைக் குறைக்கும். இதுக்காக இந்தியா உட்பட சில நாடுகள்ல இலவச பேட்டரி மாற்றம் அறிவிச்சாங்க. உங்ககிட்ட அந்த மாடல் இருந்தா உடனே கூகுள் தளத்துல ஐஎம்இஐ நம்பரைப் போட்டுப் பாருங்க. இந்த மாதிரி சலுகைக்கெல்லாம் கெடு உண்டு.

2025 ஜனவரியில இன்னொண்ணும் நடந்தது. ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்கு அப்புறம் போன் சரியா வேலை செய்யலைன்னு தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்களை வெச்சு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பிச்சது. "நாம புகார் குடுத்து என்ன ஆகப் போகுது"ன்னு நினைக்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

இப்போ கணக்கு

30,000 ரூபாய் போன், 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 2,500. வட்டியே இல்லையா? இருக்கு. ஜீரோ பர்சென்ட் வட்டித் திட்டம் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு. அதனால வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி குடுத்து, பேங்க் வட்டி போடும். 15 சதவீத வட்டின்னா அந்த வட்டி சுமார் 2,300 ரூபாய். அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 414 ரூபாய், அது உங்க தலையில. பிராசசிங் ஃபீஸ் 199-ன்னு வெச்சுக்கிட்டா வரியோட 235. ஆக "நோ காஸ்ட்"டோட காஸ்ட் 650 ரூபாய்.

மொத்தம் 30,650. நாலு வருஷம் ஓடினா மாசத்துக்குச் சுமார் 640 ரூபாய்.

பழைய போனுக்கு 3,000 ரூபாய்ல பேட்டரி மாத்தி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினா, மாசத்துக்கு 125 ரூபாய். ஐபோனுக்கு பேட்டரி செலவு இன்னும் அதிகமா இருக்கலாம். இரண்டு மடங்கானாலும் 250 தான்.

அந்த 2,500-ஐ மாசாமாசம் ஆர்டில போட்டா, வருஷக் கடைசியில வட்டி இல்லாமலேயே 30,000. பேட்டரிச் செலவு போக 27,000. மழைக்கால மூணு மாசத்துக்கு வீட்டுக்கு மாசம் 9,000 ரூபாய்!

"அப்போ அப்டேட்டே போடாம விட்டுடலாமா?"

கூடாது. செக்யூரிட்டி ஓட்டைகளை அடைக்கிறது அப்டேட்தான். உங்க பேங்க் ஆப், யுபிஐ எல்லாம் அந்த போன்லதான் இருக்கு. ரொம்பப் பழைய சிஸ்டத்துல பேங்க் ஆப் ஒரு நாள் வேலை செய்யாமலும் போயிடும். அப்டேட் போடுங்க, ஆனா இந்த வரிசையில:

1. அப்டேட்டுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல பேட்டரி ஹெல்த் இருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பின்னாடி இதுதான் ஆதாரம்.
2. அப்டேட்டுக்கு அப்புறம் எல்லா ஆப்பையும் அப்டேட் பண்ணி, 15 நாள் பாருங்க. எந்த ஆப் சார்ஜைத் தின்னுதுன்னு செட்டிங்ஸே காட்டும்.
3. சரியாகலைன்னா சர்வீஸ் சென்டர் போங்க. வாய்ப் பேச்சு வேண்டாம், ஜாப் ஷீட்டை எழுத்துல வாங்குங்க.
4. ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பேட்டரி மாத்துங்க. டூப்ளிகேட் பேட்டரி உப்பிடும், அதனால பிஐஎஸ் பதிவு எண் இருக்கான்னு பார்த்துப் போடுங்க.
5. கம்பெனி கைவிரிச்சா 1915-க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். அதுவும் பலிக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், மரக்காணம்காரங்களுக்கு விழுப்புரம். பொருள் மதிப்பு 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

சட்டமும் மாறணும்

எல்லாச் சுமையையும் வாங்கினவன் தலையிலயே வைக்கறது நியாயம் இல்லை. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20-ல இருந்து புதுசா விக்கிற போன்ல 800 சுழற்சிக்கு அப்புறமும் பேட்டரி குறைஞ்சது 80 சதவீதம் கொள்ளளவோட இருக்கணும், உதிரி பாகம் 7 வருஷம் கிடைக்கணும்னு விதி வந்தாச்சு. நம்ம ஊர்ல ரிப்பேரபிலிட்டி இண்டெக்ஸ் பத்தி 2025 மே மாசம் ஒரு குழு அரசுக்கு அறிக்கை குடுத்திருக்கு. அது சீக்கிரம் கட்டாய விதியா வரணும். கூடவே, "இந்த அப்டேட் உங்க பேட்டரியைக் குறைக்கும்"னா அதைப் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே தமிழ்ல சொல்லணும், பழைய நிலைக்குத் திரும்ப வழியும் தரணும். 30,000 குடுத்து வாங்கின பொருளை ராத்திரி தூங்கி எழறதுக்குள்ள சுருக்கறதுக்கு நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

போன் நிஜமாவே பழசாகி, செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோச்சுன்னா மாத்துங்க, தப்பே இல்லை. அப்பவும் ஆர்டி போட்டுச் சேர்த்து, ரொக்கமா வாங்குங்க. அம்மாகிட்ட குடுக்கிற பழைய போனுக்கு முதல்ல ஒரு நல்ல பேட்டரி போட்டுக் குடுங்க.

இஎம்ஐ கணக்கை உங்க தொகைக்குப் போட்டுப் பார்க்கிற விதத்தை நம்ம சேனல் வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன், பாருங்க. ஆஃபர் சேல்ல போன் தேடிட்டு இருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அவருக்கு இதை இன்னைக்கே அனுப்பிடுங்க.