இடைச்செருகல்

எழுபதுகளின் ராக் இசையை மறுபடி கேட்பது என்பது இப்போது ஒரு வியாபாரம். ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு, துலக்கிய பதிப்பு, புதிய கலவை, அதுவரை வெளிவராத பாட்டுகள் சேர்த்த பெட்டி. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பக்தர்கள். நானும் அவர்களில் ஒருவன் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. இந்த இசையை இரைச்சல் என்று ஒதுக்கியவர்களால் இந்தத் தட்டுகளுக்கு ஒரு தீங்கும் நேர்ந்துவிடவில்லை.

ஸ்டூஜஸின் ‘ரா பவர்’ 1973இல் வந்தது. நான் முதலில் கேட்டது 1997 பதிப்பை, அதாவது இக்கி பாப் தாமே உட்கார்ந்து புதிதாகக் கலவை செய்ததை. எல்லா வாத்தியமும் உச்சத்தில். ஒலி பிய்ந்து சிதறும் அளவுக்குச் சத்தம். இதுதான் அந்தத் தட்டின் மூர்க்கம் என்று பல வருஷம் நம்பினேன், நண்பர்களிடம் வாதாடவும் செய்தேன். 1973இல் கடைக்கு வந்ததோ, பெரும்பகுதி டேவிட் போவி செய்த கலவை. இக்கியின் முதல் கலவையைக் கம்பெனி ஏற்காததால், 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் அவசர அவசரமாகச் செய்தது. தம்மிடம் வந்த 24 ட்ராக் நாடாவில் மூன்றில்தான் ஒலி இருந்தது என்று போவி பின்னாளில் சொன்னார். அவர் கணக்கு எப்படியானாலும், விளைவு காதுக்குத் தெரிகிறது. குரலும் ஜேம்ஸ் வில்லியம்சனின் கிட்டாரும் முகத்தில் வந்து மோதுகின்றன. ஆஷ்டன் சகோதரர்களின் பாஸும் டிரம்மும் பக்கத்து வீட்டில் எங்கோ.

போவியின் கலவை 2010இல் மறுபடி பதிப்பிக்கப்பட்ட பிறகுதான் அதைக் கேட்டேன். முதல் நாள் ஏமாற்றம். நோஞ்சான் என்று அதை ஏசியவர்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொண்டேன். நாலைந்து நாள் விடாமல் கேட்டபின் ஒன்று புலப்பட்டது. ஒரு குரல் அந்தரத்தில் நின்று கத்துகிறது, கீழே தாங்க ஒன்றுமில்லை. அந்தப் பாட்டுகளின் பயமே அதுதான். 1997இல் அந்தக் குரலுக்கு அடியில் ஒரு தரையைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். விழுந்துவிடுவானோ என்ற பதைப்பு போய்விட்டது. நான் இத்தனை காலம் சிலாகித்தது அந்தத் தரையை.

படைத்தவனே திருத்தினால் உனக்கென்ன என்று கேட்பார்கள். 1972இல் இக்கிக்கு 25 வயது. 1997இல் 50. அந்த இளைஞனின் கலவையைக் கம்பெனி நிராகரித்தது வாஸ்தவம், அநியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அவனுக்குச் சேரவேண்டிய நஷ்டஈட்டை இந்த மனிதரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிட முடியாது. 50 வயதுக்காரர் செய்தது வேறு ஒரு தட்டு. அதை வேறு தட்டாகவே வெளியிட்டிருக்கலாம். ரோஜர் வாட்டர்ஸ் 2023இல் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ முழுவதையும் தன் கிழக்குரலில் மறுபடி பதிவுசெய்து, பெயரோடு ‘ரீடக்ஸ்’ என்று சேர்த்து விற்றார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். நேர்மையான காரியம். 1973ஆம் ஆண்டுத் தட்டு அதனால் ஒரு மயிரிழையும் மாறவில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ கதை இன்னும் சூட்சுமமானது. வரிக்குப் பயந்து இங்கிலாந்தை விட்டு வெளியேறியவர்கள் 1971 கோடையில் தென் பிரான்சில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த மாளிகையின் நிலவறையில் வாசித்தார்கள். புழுக்கத்தில் கிட்டார்கள் சுருதி இறங்கின. யார் எப்போது வருவார்கள் என்று நிச்சயமில்லை. ‘ஹாப்பி’ பாட்டில் சார்லி வாட்ஸ் இல்லை. தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் டிரம் வாசித்தார், பாஸையும் கீத்தே வாசித்துக்கொண்டார். 1972இல் இரட்டைத் தட்டாக வந்தபோது ஜாகரின் குரல் வாத்தியங்களுக்குள் புதைந்து கிடந்தது. விமர்சகர்கள் தயங்கினார்கள். அந்தக் கலவையை ஜாகரே பின்னாளில் குறைகூறியிருக்கிறார்.

2010 பதிப்பில் அந்தப் 18 பாட்டுகளின் கலவையைத் தொடவில்லை. அதுவரை நல்லது. கூடவே இன்னும் பத்து ட்ராக்குகள் வந்தன, பழைய பெட்டியில் கண்டெடுத்தவை என்ற தோரணையில். அவற்றில் சிலவற்றில் பின்னணி எழுபதுகளுடையது. அதன்மேல் ஜாகர் புதிதாக வரி எழுதி, 66 வயதில் பாடியிருக்கிறார். பழைய ஏட்டில் பின்னால் வந்தவன் எழுதிச் சேர்த்ததற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லை ஒருவரும் உபயோகிக்கவில்லை. ‘ப்ளண்டர்ட் மை சோல்’ கேட்டு நானும் முதல் தடவை கண்கலங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. எதைக் கேட்டுக் கலங்கினேன் என்பதுதான் என் சங்கடம்.

இதன் கடைசிப் படி எழுபதுகளின் வாசலைச் சற்றே தாண்டியது. ஆஸி ஆஸ்போர்னின் ‘ப்ளிஸார்ட் ஆஃப் ஆஸ்’ 1980இல் வெளியானது. பாஸ் வாசித்த பாப் டெய்ஸ்லியும் டிரம் வாசித்த லீ கெர்ஸ்லேக்கும் பணபாக்கிக்காக வழக்குத் தொடுத்தார்கள். 2002 மறுபதிப்பில் அவர்கள் வாசிப்பே நீக்கப்பட்டு, வேறு இருவர் வாசித்தது அந்த இடத்தில் வைக்கப்பட்டது. கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் 1982இல் விமான விபத்தில் இறந்துபோனவர். தான் ஒருபோதும் சேர்ந்து வாசித்திராத இருவரோடு அந்த மனிதர் செத்து இருபது வருஷம் கழித்து வாசிக்கிறார். யாருடைய டிரம்மைக் கேட்டு அந்தக் கிட்டார் திரும்பியதோ அந்த டிரம் இல்லை. ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். 2011இல் பழைய வாசிப்புத் திரும்பியது.

அப்போது கூச்சலிட்டவர்களில் பலர்தான் இன்று புதிய கலவைகளைக் கேட்டு ‘ஒவ்வொரு வாத்தியமும் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது’ என்று உருகுகிறார்கள். இது என்ன அபிப்ராயம்? வாத்தியங்களைத் தனித்தனியே பொறுக்கி எடுக்கவா இவற்றை இத்தனை காலம் கேட்டோம்? ‘எக்ஸைலில்’ குரல் புதைந்து கிடப்பதால்தான் அதைத் தேடிப்போகிறோம், பாதி வார்த்தையை நாமே இட்டு நிரப்புகிறோம். அதைத் தோண்டி எடுத்து மேசைமேல் வைத்தால் நமக்கு வேலையில்லை.

என்னிடமுள்ள 1997 ‘ரா பவரை’ எறிந்துவிடவில்லை. அட்டையில் ஆண்டைப் பேனாவால் எழுதி, அடியில் ‘கலவை: இக்கி, வயது 50’ என்றும் குறித்து, 1973க்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். ‘எக்ஸைல்’ பெட்டியின் இரண்டாவது தட்டுக்கு என்ன எழுதுவதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை.