தணலும் விறகும்

சோறு இறக்கிய அடுப்பில் தணல் கிடந்தால், அதில் தண்ணீர்ப் பானையை ஏற்றிவிடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். அதே சிக்கனத்தைப் பின்லாந்தில் வேறு விதமாகச் செய்கிறார்கள்.

பிட்கொயின் என்ற கணினிக் காசைச் சம்பாதிக்கவென்றே சில இயந்திரங்கள் இரவு பகலாகக் கணக்குப் போடுகின்றன. ஓர் இயந்திரத்துக்கு 3,000 வாட் அளவில் மின்சாரம் வேண்டும். மூன்று இஸ்திரிப் பெட்டிகள் ஓயாமல் சுடுவது போல! அத்தனையும் கடைசியில் சூடாகவே வெளிவரும். பல இடங்களில் அதை விசிறி வைத்து வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

பின்லாந்தின் சதகுந்தாப் பகுதியில் 2024இல் ஓர் அமெரிக்கக் கம்பனி அச்சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, நிலத்தடிக் குழாய்களால் வீடுகளைச் சூடாக்கத் தொடங்கியது. அந்தச் சூடு போகும் ஊரில் வாழ்வோர் சுமார் 11,000 பேர்.

ஆனால் இது இலவசச் சூடல்ல. மின் கட்டணம் யாரோ கட்டத்தான் வேண்டும். காசின் விலை சரிந்து இயந்திரம் நின்றால், சூடும் நின்றுவிடும். குளிர் நாட்டுக்கு உதவுவது நம் புழுக்கத்துக்குப் பாரமே. வீட்டில் யாரும் இந்த இயந்திரத்தை வாங்க ஆசைப்பட்டால், முதலில் மின் பட்டியலைக் கணக்குப் பாருங்கள்.

தணலை வீணாக்காதது நல்லதுதான். தணலுக்காகவே விறகை அள்ளிப் போடலாமா?