மூணு பேர் ரசத்துக்கு கல்யாண அண்டா எதுக்கு?



நம்ம பசுமைப் படை எழுதுற குளத்துப் பறவைக் கணக்கை இணையப் பக்கமா போடணும்னு முடிவாயிருச்சு. அதை எதுல செய்றதுன்னுதான் ரெண்டு வாரமா லேப்ல சண்டை. ஒரு கூட்டம் 'ரியாக்ட்' என்கிறது. இன்னொரு கூட்டம் 'ஜாங்கோ' என்கிறது. சத்தம் தாங்காம டீச்சர், "ஆளாளுக்கு எழுதி ஒட்டுங்க, படிச்சிட்டு முடிவு பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டார்கள். இது என் கட்சி.

முதலில் ஒரு விஷயம் மறக்கக் கூடாது. இணையப் பக்கம் என்ற பேச்சே ஏன் வந்தது? 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி தெருவுக்குள்ள வந்தது. அப்போ நனைஞ்சு கூழாப் போனதில் நம்ம பழைய பறவை நோட்டும் ஒண்ணு. எந்த மாசம் அரிவாள் மூக்கன் வந்தது, எந்த வருஷம் நத்தை குத்தி நாரை குறைஞ்சது, எல்லாம் அதுலதான் இருந்தது. மறுபடி எழுத முடியாது, ஏன்னா போன வருஷப் பறவையை இந்த வருஷம் எண்ண முடியாது. அதனால் நான் கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டு. இந்தப் பக்கம் பத்து வருஷம் கழிச்சும் திறக்குமா? நாங்க பள்ளியை விட்டுப் போன பிறகு ஏழாப்பு பிள்ளைங்க இதைத் திருத்த முடியுமா?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். இணையப் பக்கத்துக்கு எலும்பு எச்.டி.எம்.எல். அதுக்கு உடுப்பு சி.எஸ்.எஸ். ஆட்டம் அசைவுக்கு ஜாவாஸ்கிரிப்ட். ஃப்ரேம்வொர்க் என்பது இதையெல்லாம் வைத்து மத்தவங்க ஏற்கெனவே கட்டி வச்ச சாரம் மாதிரி. அது சொல்ற முறையில் நாம எழுதினா பெரிய வேலை சீக்கிரம் முடியும். ரியாக்ட் 2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்டது. ஜாங்கோ 2005-ல் வெளிவந்தது, அது பைத்தான் மொழியில் எழுதுவது. ஜாங்கோ அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து ஒரு செய்தித்தாள் ஆபீசில் பிறந்தது என்று படிச்சதும் எனக்கு அது மேல ஒரு பாசம் வந்துட்டு. நம்மளும் பத்திரிகைக்காரங்கதானே! (பேர் வந்தது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரிடமிருந்து. தீக்காயத்தில் இடது கையில் ரெண்டு விரல் மடங்கிப் போன பிறகும் வாசிச்சு பேர் வாங்கினவர்.)

இனி என் கருத்து. நம்ம பக்கத்துக்கு இப்போ ஃப்ரேம்வொர்க்கே வேண்டாம். வெறும் எச்.டி.எம்.எல்., கொஞ்சம் சி.எஸ்.எஸ். போதும். மூணு குளம், அறுபது பறவை, மாசத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை. இதுக்கு ரியாக்ட் போடுறது மூணு பேர் ரசத்துக்கு கல்யாண அண்டாவை வாடகைக்கு எடுக்கிற மாதிரி. அண்டா கெட்டது இல்லை. கழுவுறது யாரு?

எங்க சித்தி மக அக்கா பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிக்கிறா. அவ கட்சி ரியாக்ட். "வேலைக்கு இதான் கேப்பாங்கட்டி, இப்பமே பழகிக்கோ"ன்னு சொன்னா. அவ சொல்றதில் நியாயம் இருக்கு. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ கம்பெனி 2011-லிருந்து இருக்கு. சாப்ட்வேர் வேலைக்கு ஊரை விட்டே போகணும்னு இல்லை என்பதை நாம கண்ணால் பார்க்கிறோம். ஆனா வேலைக்குத் தயார் ஆகிறவங்க சந்தை கேட்கிறதைப் படிக்கணும். பொழுதுபோக்கா, ஆசையா செய்றவங்க தன்னால தனியா ரிப்பேர் பண்ண முடிஞ்சதை எடுக்கணும். நமக்குச் சம்பளமும் இல்லை, கூட உக்காந்து பார்க்க சீனியரும் இல்லை.

அக்காவோட நோட்டில் ரியாக்ட் ஆரம்பிக்க முதல் வரியே 'கிரியேட் ரியாக்ட் ஆப்'. 2016-ல் வந்த அந்தக் கருவியை, இனி புதுசா யாரும் இதில் தொடங்க வேண்டாம்னு ரியாக்ட்காரங்களே 2025 பிப்ரவரியில் அறிவிச்சுட்டாங்க. கூகுள் செய்த ஆங்குலர் ஜே.எஸ். 2010-ல் வந்தது, 2021 டிசம்பரோடு பராமரிப்பு முடிஞ்சது. பெரிய கம்பெனிக்கு ஆள் இருக்கு, புதுசுக்கு மாத்தி எழுதிக்குவாங்க. நம்ம பள்ளியில் யார் மாத்துவா? ஆனா டிம் பெர்னர்ஸ் லீ 1991-ல் ஜெனீவாவில் போட்ட முதல் இணையதளத்தின் பிரதி இன்னைக்கும் நம்ம லேப் கம்ப்யூட்டரில் திறக்குது. நான் திறந்து பார்த்தேன். அழகே இல்லை, வெறும் எழுத்து, ஆனா எல்லாம் படிக்க முடிஞ்சது.

தமிழுக்கே இந்தப் பாடு நடந்திருக்கு என்று கம்ப்யூட்டர் சார் சொன்னார். ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகை ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தா புரியாத கிறுக்கல்தான் தெரியும். 1999-ல் சென்னையில் மாநாடு நடத்தி டாம், டாப் என்று ரெண்டு முறை கொண்டு வந்தாங்க. பிறகு 2010-ல் தமிழ்நாடு அரசு யுனிகோடையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. எல்லாருக்கும் பொதுவானதில் எழுதினவங்க பக்கம் இப்பவும் படிக்க முடியுது. மத்தவங்களது மாத்தி எழுதினாத்தான் உண்டு.

இன்னொரு காரணம், இதை யாரும் பேச மாட்டேங்கிறீங்க: எது தமிழில் படிக்கக் கிடைக்குது? ரியாக்ட் பற்றி இங்கிலீஷில் மலையா குவிஞ்சு கிடக்கு. ஏழாப்பு பிள்ளைக்கு அது எட்டாது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூணும் பதினொண்ணாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் தமிழிலேயே இருக்கு. 2012-லிருந்து வருகிற 'கணியம்' இதழில் நித்யா துரைசாமி எழுதின 'எளிய தமிழில் எச்.டி.எம்.எல்.' இலவசமா கிடைக்குது. சாரிடம் கேட்டா லேப்ல இறக்கித் தருவார்.

ஜாங்கோ கட்சிக்காரங்க கேட்கிறது: "பறவை பார்த்த உடனே அவங்கவங்க போன்ல பதிய வேண்டாமா? அதுக்கு லாகின், டேட்டாபேஸ் எல்லாம் வேணுமே?" சரியான கேள்வி. அப்படி வேணும்னா நானும் ஜாங்கோ பக்கம்தான் வருவேன். யாரோ படிவத்தில் குறும்பா நிரலை எழுதி அனுப்பினாலும் ஜாங்கோ அதை வெறும் எழுத்தாத்தான் காட்டும். அந்தப் பாதுகாப்பை நாமளே எழுதப் போனா ஓட்டை விழும். பைத்தானும் பன்னிரெண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் தமிழில் இருக்கு. ஆனா ஜாங்கோ ஓட எந்நேரமும் ஒரு சர்வர் வேணும், அதுக்கு மாசாமாசம் காசு யார் கட்டுவா? வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடத்தில் சும்மாவே வைக்கலாம். மேலும் குளத்தங்கரையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுது. அங்கே நின்னு யாரும் பதியப் போறதில்லை. நோட்டில் எழுதி மறுநாள் லேப்ல ஏத்தப் போறோம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நிபந்தனை வைப்போம். எண்ணிக்கையைப் பக்கத்துக்குள்ள புதைக்காம தனியா ஒரு சி.எஸ்.வி. கோப்பில் வைக்கணும். தேதி, குளம், பறவை, எத்தனை, எண்ணினது யாரு, இவ்வளவுதான் ஒரு வரி. கால்புள்ளி போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து அது. நோட்பேடிலும் திறக்கும், எக்செல்லிலும் திறக்கும். நாளைக்கு ஜாங்கோவோ இன்னும் பிறக்காத ஏதோ ஒண்ணோ வந்தாலும் அந்தக் கோப்பை அப்படியே எடுத்துக்கலாம். 2011-லிருந்து ஜனவரியில் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குதே, அவங்க கேட்டா அவங்களுக்கும் கொடுக்கலாம்.

பறவைப் பேரை முதலில் தமிழில் போடணும், கீழே இங்கிலீஷில். கூந்தன்குளத்துக்கு இமயமலை தாண்டி வருகிற வரித்தலை வாத்தை நம்ம பக்கத்தில் முதல் படமா வைக்கணும்னு சிலர் ஆசைப்படுறாங்க. நம்ம குளத்தில் அது இறங்கினதே இல்லை. முதல் படம் முக்குளிப்பானுக்குத்தான், தினமும் வருது பாவம்.

ஒரு மாதிரிப் பக்கம் எழுதி லேப்ல நாலாவது கம்ப்யூட்டரில் வச்சிருக்கேன். 'குளம்' என்ற ஃபோல்டர். ரியாக்ட் கூட்டத்தார் கட்டாயம் பார்த்துட்டு, பதிலை வெள்ளிக்கிழமைக்குள் இதே போர்டில் ஒட்டுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பசுமைப் படை