ஊட்டியும் செல்போன் கேமராவும்

ஒரு காலத்தில் நமக்கு ஊட்டியைக் காட்டியது சினிமா. 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யைப் பார்த்துவிட்டு கேத்தி ரயில் நிலையத்தைத் தேடிப் போனவர்கள் உண்டு. பிறகு வலைப்பதிவுகள் வந்தன. எந்த பஸ்ஸில் போகலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஒருவரின் அனுபவம் இன்னொருவருக்கு வழிகாட்டியது. நல்ல விஷயம்தான்.

இன்றைய ரீல்ஸ் அப்படியில்லை. அரை நிமிடத்தில் பைன் காடும் தேயிலைத் தோட்டமும் தெரிகின்றன. வண்டியை எங்கே நிறுத்துவது, குப்பையை எங்கே போடுவது என்பது மட்டும் தெரிவதில்லை. கூட்டத்துக்கு ரீல்ஸ் மட்டுமே காரணமில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே இடத்தில் நிற்க வைப்பது அதுதான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பும் விதித்தார்கள். நமக்கு அது உல்லாசப் பயணம். குன்னூர்க்காரருக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி.

அரசுப் பேருந்தில் வந்தாலும் ரயிலில் வந்தாலும் இ-பாஸ் தேவையில்லை. ஊட்டிப் படம் போடும் நண்பர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டால் மலைக்கு நல்லது என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?