சுமந்த தோளை நீவுங்கள்!

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் மணம் நினைவுக்கு வரும். மலையிலே விளையும் ஏலம், போடிக்கு வந்து ஏலம் போகிறது. நாட்டின் பல ஊர்களுக்கும் இங்கிருந்துதான் செல்கிறது.

போடிமெட்டுக்கு இன்று நல்ல சாலை இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரியும் ஜீப்பும் ஓடுகின்றன. ஆனால், சாலை எட்டாத குடியிருப்புகளும் மலையில் உண்டு. அங்கே அரிசியும் உப்பும் ஏறுவது குதிரை முதுகில். காப்பியும் மிளகும் இறங்குவதும் குதிரை முதுகில்தான்.

மூட்டை இறங்கியதும் நாம் காசை எண்ணுகிறோம். சுமந்து வந்த குதிரையை யார் பார்க்கிறார்கள்?

மனிதனுக்குத் தோளின் முன்புறம் காறை எலும்பு உண்டு. குதிரைக்கு அது கிடையாது. அதன் முன்னங்கால்களை உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பவை தசையும் நாரும்தான். உடல் எடையில் பாதிக்கு மேல் அந்த முன்னங்கால்கள் தாங்குகின்றன. மலையிறங்கும்போது சுமையும் முன்னே சாய்கிறது. அத்தனை பாரமும் தோள் தசைக்கு!

வலிக்காதா? வலிக்கும். சொல்லத்தான் வாய் இல்லை.

சேணம் போடும்போது காதைப் பின்னுக்கு மடக்கும். கடிக்க வரும். விலகி ஓடும். “சண்டிக் குதிரை” என்று நாம் சவுக்கை எடுக்கிறோம். பல வேளைகளில் அது சண்டித்தனம் அல்ல, வலி!

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். மாலையில் கால் மணி நேரம் போதும். சேணத்தை இறக்கி, தண்ணீர் காட்டி, சிறிது இளைப்பாற விடுங்கள். முதுகில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கழுத்திலிருந்து தொடங்கி, தோள், முதுகு, தொடை என்று உள்ளங்கையால் மெல்ல நீவுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்த வேண்டாம். தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி நின்றால் அதற்குச் சுகமாக இருக்கிறது என்று பொருள். உடம்பைச் சிலிர்த்து விலகினால் நிறுத்தி விடுங்கள்.

புண், வீக்கம், காய்ச்சல் இருந்தால் நீவக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீவுதல் மருந்து அல்ல, பராமரிப்பு.

பராமரிப்பு தெரியாமல் நம் நாடு பட்ட நட்டம் பழைய கதை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர் மார்க்கோ போலோ. இங்குள்ள மன்னர்கள் கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்கள் என்றும், வளர்க்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் அவர் எழுதி வைத்தார். பொன் இருந்தது, பேணும் கை இல்லை!

அந்தக் கை ஒருவனுக்குப் பிழைப்பும் தரும். அமெரிக்காவில் ஜாக் மீகர் என்பவர் விளையாட்டு வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டு வந்தார். அதே கைத்திறனைக் குதிரைகளுக்கும் காட்டினார். 1985-ல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இன்று பல நாடுகளில் குதிரைக்கு நீவிவிடுவது ஒரு தொழில். சிறு வயதில் குதிரை மீது கொண்ட ஆசையே பலரை அதில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

நம் ஊரிலும் குதிரையைக் கண்டால் பின்னாலேயே ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “படிப்பைக் கவனி” என்று விரட்டுகிறோம். படிக்கட்டும். அதோடு இதையும் கற்கட்டும். கால்நடை மருத்துவமனைகளில் இதற்குச் சில நாள் பயிற்சி கொடுத்தால் நல்லது.

சட்டமும் இருக்கிறது. 1965-ம் ஆண்டு விதிகளின்படி மட்டக் குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கழுதைக்கு 50 கிலோ. கோவேறு கழுதைக்கு 200 கிலோ. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வு இல்லாமல் நடத்தக் கூடாது. கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றினால் இன்று நாலு காசு கிடைக்கும். நாளை குதிரையே படுத்துவிடும்.

அய்யனார் கோவிலில் மண் குதிரை செய்து வைத்துக் கும்பிடுகிறோம். வாசலில் நிற்பது உயிருள்ள குதிரை. குடும்பத்துக்குச் சோறு போடும் குதிரை.

இன்று மாலை அதன் தோளில் கை வையுங்கள். அடிக்க அல்ல, நீவிவிட!